மூன்றாம் கம்பம்

பிப்ரவரி 3, திங்கள்

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் சொன்னார், "எந்தத் தேதிக்கு யாரு என்ன சொன்னாகன்னு எழுதி வச்சுக்கத்தா. இல்லாட்டி நீ வரவே இல்லைன்னு சொல்லிப்புடுவாக." அதனால் எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்த எழுத்துதான். என் மகள் சங்கவியின் காலேஜ் நோட்டில் பின்பக்கம் நிறையத் தாள் மிச்சம் இருக்கிறது. முன்பக்கம் அவள் எழுதியது. அதைத் திருப்புவதில்லை.

இன்று மனுவை வாங்கிக்கொண்டு சீல் போட்ட ரசீது கொடுத்தார்கள்.

மனுவில் இருப்பது இது. எங்கள் புஞ்சை சர்வே நம்பர் 115. நாகநாதன் அண்ணன் புஞ்சை 114. இரண்டுக்கும் நடுவில் கண்மாய்க் கரையிலிருந்து ரோட்டுக்குப் போகிற வண்டிப்பாதை. சர்க்கார் பாதை. பழைய காகிதப் படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது பாதையின் இரண்டு கோடும் ஒட்டி ஒரே கோடாகிவிட்டது. கவுண்டரில் இருந்த தம்பி திரையைத் திருப்பிக் காட்டினார். "பாத்துக்கம்மா. இது ஒங்க நிலம், இது அவரு நிலம். நடுவுல எறும்பு போகக்கூட எடம் இல்ல."

போன வருஷம் மார்ச் 8, விடிகிற நேரம், சங்கவி காலேஜ் பஸ்ஸுக்கு அந்தப் பாதையில்தான் போனாள். காட்டுப்பன்றிக்காக நாகநாதன் அண்ணன் மிளகாய்க் கொல்லையைச் சுற்றிக் கரண்ட் கம்பி கட்டியிருந்தார். அந்த வேலியின் மூன்றாம் கம்பத்தடியில் கிடந்தாள். பத்தொன்பது வயசு.

போலீஸ் எழுதியது: மிளகாய் திருடுவதற்காகத் தோட்டத்துக்குள் அத்துமீறி நுழைந்தபோது.

நாகநாதன் அண்ணன் இருபது நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். கோர்ட்டில் அவர் வக்கீல் கம்ப்யூட்டர் படத்தைத்தான் நீட்டுகிறார். பாதையே இல்லாத இடத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை என்கிறார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பாதை படத்தில் வரவேண்டும். அவள் நின்ற இடம் பாதை என்று வரவேண்டும். திருடி என்று எழுதியதை அழிக்க வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆட்டுக்குக் குழை ஒடித்தேன். வெயில்.

பிப்ரவரி 10, திங்கள்

கடையில் நூறு கிராம் பச்சை மிளகாய் கேட்டேன். கடைக்காரர் நிறுத்துப் போட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார், "பரவால்லயே, இந்த வீட்ல இப்ப வெலைக்கு வாங்குறாக." அவர் சிரிக்கவில்லை. கடைக்காரர்தான் சிரித்தார்.

அவள் கையில் நாலு மிளகாய் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். இருந்தது. அதைப்பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சர்வேக்காரர்கள் வந்துவிட்டார்கள். என் மனுவுக்காக மட்டும் இல்லை. ஊர்ப் படம் முழுவதையும் புதுசாக அளந்து கம்ப்யூட்டர் படத்தைத் திருத்துகிறார்களாம். சர்வேயர் பெயர் இன்பராஜ், சின்ன வயசு. கூட வந்த சங்கிலிக்காரர் சீனிச்சாமி அண்ணன், ஓய்வு பெற இன்னும் ஏழு மாசம். இப்போது அளக்கச் சங்கிலியே கிடையாது, மிஷின்தான். ஆனாலும் வேலைக்குப் பேர் அதுதான்.

மிஷின் ஒரு நீளக் கம்பு. தலையில் வெள்ளையாகக் காளான் குடை மாதிரி ஒன்று. அதைச் சர்வே கல்லின் மேல் நிறுத்தினால் வானத்திலிருந்து கணக்கு வருகிறதாம். கம்பைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் வருகிறேன் என்றேன்.

வி.ஏ.ஓ. தயங்கினார். "இந்தம்மா மனுதாரர் சார்."

இன்பராஜ் சார், "மத்தவங்க நிலத்துக்குப் பிடிக்கட்டும். 114, 115 வர்றப்ப தள்ளி நிக்கணும். சரியாம்மா?" என்றார். சரி என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

மூன்று நாளாகக் கம்பு பிடிக்கிறேன். கம்பில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது, அதற்குள் ஒரு குமிழி. குமிழி வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும்.

"நட்டமாப் பிடிங்கம்மா. நீங்க ஒரு விரல் சாஞ்சா படம் ஒரு சாண் சாயும்" என்றார் சார். நான் சாயவில்லை. இந்த ஒரு வருஷத்தில் இந்தக் கை எதையும் நேராகப் பிடித்ததில்லை. இதைப் பிடித்தது.

சாயங்காலம் சார் லேப்டாப்பில் புள்ளிகளை ஏற்றுவார். பழைய படம் நீலக்கோடு, புது அளவு சிவப்புக்கோடு. இரண்டும் ஒட்டிப் போனால் சரி. ஒரு சாணுக்கு மேல் விலகினால் திரும்பப் போய்ச் சரிபார்க்க வேண்டும். "பழசு தப்பா புதுசு தப்பான்னு கல்லுதான் சொல்லணும்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. மனுஷன் சொல்வதைவிட.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று 114. நான் தள்ளி நின்றேன்.

பாதைக்கு எங்கள் பக்கம் இருந்த கல் இரண்டும் என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்திலேயே உழவில் போய்விட்டன. நாகநாதன் அண்ணன் பக்கம் இரண்டு இருக்கின்றன. ஒன்று ரோட்டோரம் பம்புசெட் பக்கத்தில். இன்னொன்று கண்மாய்க் கரையில், சீமைக்கருவேல முள்ளுக்குள். அதைச் சீனிச்சாமி அண்ணன் வயிற்றால் ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தார். முதுகெல்லாம் கீறல்.

"இருக்குய்யா! தலையில சர்வேக்காரன் போட்ட சிலுவ வெட்டு அப்படியே இருக்கு."

மிஷின் முள்ளுக்குள் பிடிக்கவில்லை. வானம் தெரிந்தால்தான் பிடிக்குமாம். "முள்ளை வெட்டிப் போடுங்க. திங்கக்கிழமை மூணாந்தேதி வர்றோம். அதுக்குள்ள பக்கத்து ஊரை முடிச்சிடுறோம்" என்றார் சார். சீனிச்சாமி அண்ணன் மட்டும் பழைய பழக்கத்துக்கு டேப்பை இழுத்து, பம்புசெட் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் அளந்து, பீடிக்கட்டின் மேல் எழுதிப் பையில் போட்டுக்கொண்டார். சார் சிரித்தார்.

நாகநாதன் அண்ணன் கைகட்டி நின்று பார்த்தார். போகும்போது என்னைப் பார்த்து, "முள்ளு வெட்டுறதுக்கு ஆள் கூப்பிடணுமே. நீயே வெட்டிக்கத்தா, ஒனக்குத்தானே அவசரம்" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முள் வெட்டினேன். நாளைக்கும் இருக்கிறது.

தண்ணிக் குழாயில் கோமதி மதினி, நாகநாதன் அண்ணன் வீட்டுக்காரி. "மிஷினு வந்து சொல்லிட்டா செத்த புள்ள எந்திரிச்சு வந்துருமா மதினி?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாக, குடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

முள் வெட்டி முடிந்தது. கல் வெளியே தெரிகிறது.

கிணற்றுக் கயிறு இரண்டை முடிந்து, இந்தக் கல்லிலிருந்து பம்புசெட் கல் வரைக்கும் இழுத்துக் கட்டிப் பார்த்தேன். கரண்ட் கம்பியை நாகநாதன் அண்ணன் போன வருஷமே சுருட்டிவிட்டார். வேலிக் கம்பங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

மூன்றாம் கம்பம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அவர் பக்கம். ஒரு முழம் உள்ளே.

கயிற்றை அவிழ்த்து, இன்னும் விறைப்பாகக் கட்டிப் பார்த்தேன். ஒரு முழம்தான்.

எனக்கு இது முன்னாலேயே தெரியும் என்று தோன்றியது. பாதையில் நடந்து போகிறவள் கையில் மிளகாய் எப்படி வரும். உள்ளே கை விட்டால்தானே வரும்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 26, புதன்

மாசி சிவராத்திரி. ஊரே விடிகாலையில் வேன் பிடித்துக் குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டது. எனக்கு இன்னும் வருஷம் கழியவில்லை, போகக்கூடாது. ஊரில் நாயும் நானும்தான்.

உச்சி வெயிலில் கண்மாய்க் கரைக்குப் போனேன். முள் வேர் மிச்சம் இருந்தது, கடப்பாரை போட்டுப் பறித்தேன். மண் இறுகிக் கிடக்கிறது. முழங்கை ஆழத்துக்குக் கீழே கரி கிடந்தது, இரண்டு கை அளவு. நல்ல கரி, நறுக்கென்று உடைகிறது. பல் விளக்க ஆகும் என்று முந்தானையில் அள்ளிக்கொண்டேன். கூடவே ஓட்டாஞ்சில்லு நாலைந்து கிடந்தது. அதைக் கண்மாயில் எறிந்தேன்.

கையெல்லாம் கொப்புளம். குளித்துவிட்டுப் படுத்தேன். மனசு லேசாக இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

கோமதி மதினி பொங்கல் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். கையைப் பார்த்துவிட்டு, "முள்ளுக்கா இம்புட்டுக் கொப்புளம்?" என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 1, சனி

புதுக் கரி நன்றாக இருக்கிறது. பல் வெளுக்கிறது.

மார்ச் 3, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் தேதி போட்டுவிட்டேன்.

இன்பராஜ் சார் மிஷினை அந்தக் கல்லின் மேல் நிறுத்தினார். பம்புசெட் கல்லின் மேலும் நிறுத்தினார். லேப்டாப்பைத் திறந்தார். பழைய காகிதப் படத்தைப் பக்கத்தில் விரித்தார். இரண்டு கல்லுக்கும் நடுவில் காகிதம் சொல்கிற தூரம் ஒன்று, மிஷின் சொல்கிற தூரம் ஒன்று. மறுபடி நிறுத்தினார். அதேதான்.

சீனிச்சாமி அண்ணன் பீடிக்கட்டை எடுத்துப் பார்த்தார். அப்புறம் கல்லைப் பார்த்தார். கல்லடி மண்ணைக் கால் கட்டைவிரலால் கிளறினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தோண்டுங்க" என்றார் சார்.

தோண்டினார்கள். மண் லேசாக வந்தது.

"கரி இல்ல சார்" என்றார் சீனிச்சாமி அண்ணன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சார் வி.ஏ.ஓ.வுக்கு விளக்கினார். அந்தக் காலத்தில் கல் நடும்போது குழிக்குள் முதலில் கரியும் ஓட்டாஞ்சில்லும் போட்டு அதன் மேல்தான் கல்லை நிறுத்துவார்களாம். கரி மட்காது. கல்லை எவனாவது பிடுங்கிக்கொண்டு போனாலும் கரி இருக்கிற இடம்தான் கல் இருந்த இடம். கல் பொய் சொல்லும், கரி பொய் சொல்லாது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டாம்.

சுற்றிலும் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் மண் கிளறியிருந்தது. அங்கேயும் கரி இல்லை.

"யாரோ நகத்திருக்காங்க" என்றார் சார். எல்லாரும் நாகநாதன் அண்ணனைப் பார்த்தார்கள். அவர், "ஊர்ல ஆள் இருக்கையில இதைச் செய்ய முடியுமா? நான் சிவராத்திரிக்கு ஊர்லயே இல்ல சாமி. வேணும்னா வேன்காரன்ட்டக் கேளுங்க" என்றார்.

பிறகு எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

வீட்டுக்கு வந்து தகர டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிக் கரி இருக்கிறது.

மார்ச் 5, புதன்

சீனிச்சாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வேப்ப மரத்தடியில் நின்றார். தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏந்தா நகத்துன?"

கொப்புளக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நான் யாருட்டயும் சொல்லமாட்டேன். ஏன்னு மட்டும் சொல்லு."

"கயிறு கட்டிப் பாத்தேண்ணே. கம்பம் அவுக பக்கம் நிக்கிது. ஒரு முழம்."

அவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். தரையில் விரலால் வளைவாக ஒரு கோடு போட்டார்.

"பாதை நேராவா போகுது? நடுவுல ஒரு காலத்துல பெரிய புளியமரம் நின்னுருக்கு. வண்டியெல்லாம் அதைச் சுத்தித்தான் போயிருக்கு. மரம் போயி அறுவது எழுவது வருசமாச்சு. காகிதத்துல அந்த வளைவு இன்னும் இருக்குத்தா. ரெண்டு கல்லுக்கும் நடுவுல கோடு நாகநாதன் பக்கம் ஆறடி உள்ள வாங்குது. அந்த எடத்துல கல்லு கெடையாது. காகிதத்துல அளவு மட்டுந்தான். அந்த வளைவை எடுக்கணும்னா ரெண்டு கல்லும் சரியா இருக்கணும்."

"அப்ப?"

"அன்னைக்கு நான் டேப்பு புடிச்சேன்ல. காகிதத்துல உள்ள அளவு ஒரு விரக்கடை மாறல. கல்லு அதோட எடத்துலதான் இருந்துச்சு. மூணாம் கம்பம் பாதைக்குள்ள நாலடிக்கு மேல நின்னுச்சு. வேலியும் பாதைக்குள்ள. கடைசி வரிசை மிளகாயும் பாதைக்குள்ள. ஒம்மக ஒரு அடிகூட அவன் நிலத்துல வைக்கல. பறிச்ச மிளகாயும் அவன் மிளகாய் இல்லத்தா, சர்க்கார் எடத்துல நின்ன செடி. மூணாந்தேதி மிஷின் அதைச் சொல்லியிருக்கும்."

அவர் பீடிக்கட்டை எடுத்துக் காட்டினார். பேனாவில் எழுதிய எண். இதை ஆபீசில் காட்டலாமே என்றேன்.

"காட்டினேன். மிஷின்ல ஏறாத அளவு அளவே இல்லைங்குறாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. இப்ப அப்படித்தான்."

செம்பை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வாசல் தாண்டித் திரும்பினார். "அந்தக் கரியை என்ன செஞ்சே?"

"பல்லு வெளக்குறேன்" என்றேன்.

மார்ச் 6, வியாழன்

பல் விளக்கவில்லை. டப்பாவை மூடி மாடத்தில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

வருஷம். இலை போட்டு அவளுக்குப் பிடித்ததை வைத்தேன். இட்லியும் பச்சை மிளகாய்ச் சட்னியும்.

காக்கா வந்தது. சட்னியைத் தொடவில்லை.

அன்றைக்கு வீட்டில் மிளகாய் இல்லை. அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

ஆடு ஒன்று குட்டி போட்டது. மூன்றில் ஒன்று செத்துப் பிறந்தது.

வி.ஏ.ஓ. சொல்லி அனுப்பினார். 18ஆம் தேதி சமுதாயக் கூடத்தில் புதுப் படத்தை வைத்து ஆட்சேபணை கேட்கிறார்கள். பெரிய அதிகாரி வருகிறார்.

மார்ச் 18, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பெரிய அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடி போட்டிருந்தார். நல்ல முகம். சுவரில் துணி கட்டி அதில் படத்தை விழ வைத்திருந்தார்கள். ஊர் முழுவதும் கோடு கோடாகத் தெரிந்தது. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் நிலத்தைத் தேடினார்கள். சிலர் சந்தோஷப்பட்டார்கள். ஒருவர் தன் வரப்பு ஒரு சாண் குறைந்துவிட்டது என்று சண்டை போட்டார்.

114, 115 வந்தது. ஒரே கோடு.

இன்பராஜ் சார் எழுந்து வாசித்தார். கண்மாய்க் கரைக் கல் இடம் மாறியிருப்பதால் நம்பத்தக்கதல்ல, அடியில் அடையாளம் ஏதும் இல்லை, ஒரு கல்லை மட்டும் வைத்துப் பாதையின் வளைவை எடுக்க வழியில்லை, எனவே தற்போதுள்ள கணினிப் படமே தொடரலாம்.

"ஆட்சேபணை இருக்கா?" என்றார் அந்த அம்மா.

நான் எழுந்தேன். டப்பாவைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். திறந்தேன்.

"என்னம்மா இது?"

"கரி. அந்தக் கல்லுக்கு அடியில கெடந்தது. நான்தான் எடுத்தேன். கல்லை நான்தான் நகத்துனேன். நாலடி. பக்கத்துல பெரிய வேரு இருந்துச்சு, அதனால கொஞ்சம் மேக்க தள்ளி நட்டேன். முன்ன இருந்த எடத்தை இப்பவும் கால் வச்சுக் காட்டுவேன். அங்கன கல்லை வச்சு அளந்து பாருங்க."

கூடம் முழுவதும் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. சீனிச்சாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா கரியில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். விரலைக் காகிதத்தில் துடைத்தார்.

"மண்ணுக்குள்ள இருக்கிறவரைக்கும்தான்மா இது சாட்சி. டப்பாவுல வந்தா இது அடுப்புக் கரி."

"நான் பொய் சொல்லலைங்கம்மா."

"தெரியுது. ஆனா கல்லை ஒரு தடவ நகத்தினவ காட்டுற இடத்தை நான் எப்படி எழுதுவேன்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "சர்வே கல்லைப் பிடுங்கினது குத்தம். நீ சொன்னதை நான் எழுதினா இன்னைக்கே உன் மேல கேஸ் போடணும். எனக்கும் பொண்ணு இருக்கும்மா. நீ சொன்னது என் காதுல விழல. போய் உக்காரு."

"எழுதுங்கம்மா" என்றேன். "கேஸ் போட்டாலும் பரவால்ல. எழுதுங்க. எழுதினாத்தான் முன்ன எடம் வேறன்னு தெரியும்."

"உனக்காகத்தான் எழுதாம விடுறேன்" என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் விரலில் ஒட்டியிருந்த கரி என் கையில் ஒட்டியது.

நாகநாதன் அண்ணன் எழுந்தார். அவர் கத்தவில்லை. பந்தியில் ரசம் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. மக பாதையிலதான் நின்னான்னு இவளுக்கு நம்பிக்கை இருந்தா கல்லை ஏன் தொடுறா? பெத்தவளே நம்பல. ஊரும் கோர்ட்டும் நம்பணுமாக்கும்?"

யாரோ பின்னாலிருந்து, "டப்பாவை எடுத்துக்கிட்டுப் போத்தா, காலையில பல்லு வெளக்கணும்ல" என்றார்கள். சிரிப்பு. கோமதி மதினி மட்டும் சிரிக்காமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சிரிப்பை மூடினாளா வேறு எதையாவது மூடினாளா தெரியவில்லை.

அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். அடுத்தது 116 என்றார்.

மார்ச் 19, புதன்

நேற்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன் என்று எழுதினேன். எழுதவில்லை.

அன்றைக்கு இட்லி ஊற்றிவிட்டேன். சட்னிக்கு மிளகாய் இல்லை. அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான்தான் கூப்பிட்டேன். "ஏண்டி, நாகநாத மாமா கொல்லை ஓரமா நாலு மிளகாய் பறிச்சுக் குடுத்துட்டுப் போ. அவுக ஒண்ணும் சொல்லமாட்டாக."

"திருடச் சொல்றியாம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நாலு மிளகாய் திருட்டாடி?" என்றேன்.

நாலுதான் பறித்திருந்தாள். எண்ணித்தான் பறித்திருப்பாள், அவள் அப்படித்தான். எனக்குக் கொண்டுவந்து கொடுக்கத் திரும்பும்போதா, இன்னும் ஒன்று பறிக்கக் கை நீட்டியபோதா தெரியவில்லை.

இதைப் போலீசில் சொல்லவில்லை. வக்கீலிடம் சொல்லவில்லை. அவள் உள்ளே போனாள் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. அனுப்பியவள் நான்தானே. அதனால்தான் கயிறு ஒரு முழம் காட்டியதும் நம்பிவிட்டேன். நாகநாதன் அண்ணன் நேற்றுக் கேட்டதற்குப் பதில் இதுதான். அவருக்கு இது தெரியாது. தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

அவள் பாதையில்தான் நின்றிருக்கிறாள்.

மார்ச் 24, திங்கள்

இ-சேவை மையத்தில் புதுப் படத்தை அச்செடுத்துத் தந்தார்கள். மேலே புதுத் தேதி. தெளிவான கோடு. பழைய படத்தில் மங்கலாக இருந்ததெல்லாம் இதில் பளிச்சென்று இருக்கிறது. பாதை இல்லை. 114 நேராக வந்து 115ஐத் தொடுகிறது. மூன்றாம் கம்பம் இருக்கிற இடம் அவர் பட்டாவுக்குள் நன்றாக உள்ளே போய்விட்டது. கோர்ட்டுக்கு இந்தப் படம்தான் போகும் என்று மனு எழுதுகிறவர் சொன்னார். மேலே அப்பீல் பண்ணலாம், எழுதட்டுமா என்றார். என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

சீனிச்சாமி அண்ணனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். பீடிக்கட்டு அட்டையை வி.ஏ.ஓ.விடம் கொடுத்து அனுப்பியிருந்தார். எண் இன்னும் தெரிகிறது. இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 26, புதன்

கரி தீர்ந்துவிட்டது. கொட்ட மனசு வரவில்லை, விளக்கித் தீர்த்தேன்.

மார்ச் 28, வெள்ளி

கோமதி மதினி வாசலில் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் கூப்பிடுகிறாள். ஆள் கிடைக்கவில்லை, பழம் செடியிலேயே வற்றுகிறது என்றாள். என்னை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டாள். "ஒனக்கு மனசு இல்லைன்னா வேணாம் மதினி. அவுகதான் கேட்டுட்டு வரச் சொன்னாக" என்றாள்.

வருகிறேன் என்றேன்.

"ஆனா ஓரத்துக் கடைசி வரிசையை எனக்கு விட்டுருங்க" என்றேன்.

"எல்லா வரிசையும் ஒண்ணுதானே மதினி?"

"இல்ல. அதுதான் எனக்கு வேணும்."

சரி என்று போனாள்.

கூடையைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். மூன்றாம் கம்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாதையில் நிற்கிற அந்தச் செடியில் முதலில் நாலு எடுத்து மடியில் தனியாகப் போட்டுக்கொள்வேன். நாகநாதன் அண்ணன் வந்து சோதித்தால் சோதிக்கட்டும்.